குடும்ப வழக்குக் கட்டுகள்: தேடும் முன் தெரிய வேண்டிய வரலாறு

மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருடைய மகள் கணவனைப் பிரிந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பாவுக்குப் பிறகு ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. அம்மாவும் போய்விட்டால்? அந்த மகளுக்கு ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். 2004ல் வந்த ஆணைப்படி, 25 வயதைக் கடந்த விவாகரத்தான மகளும் மத்திய அரசின் குடும்ப ஓய்வூதியத்தைக் கேட்கலாம். சொந்த வருமானம், மறுமணம் போன்ற நிபந்தனைகள் உண்டு. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கோர்ட்டில் வழக்கு வருடக்கணக்கில் இழுத்து, தீர்ப்பு வருவதற்குள் பெற்றோர் இருவருமே இறந்துவிட்டால் என்ன செய்வது? 2017ல் அதற்கும் விளக்கம் வந்தது. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தபோதே விவாகரத்து மனு தாக்கல் ஆகியிருந்தால் போதும். தீர்ப்பு பிறகு வந்திருந்தாலும் பரவாயில்லை.

ஆக, ஒரு பெண்ணின் வாழ்நாள் வருமானம் ஒரே ஒரு தேதியில் நிற்கிறது. மனு தாக்கலான தேதி! அந்தத் தேதி எங்கே இருக்கிறது? ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு நீதிமன்றத்தின் பதிவேட்டில், ஒற்றை வரியாக இருக்கிறது.

எந்த நீதிமன்றம் என்பதுதான் கேள்வி. "குடும்ப கோர்ட்டில் போய்க் கேட்டால் கொடுப்பார்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். போய்க் கேட்டால் "இங்கே இல்லை" என்ற பதில் வரும். கட்டு தொலைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலும் தவறான வாசலில் நிற்கிறோம் என்றுதான் அர்த்தம். தமிழ்நாட்டில் குடும்ப வழக்குகள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பல வாசல்களைத் தாண்டி வந்திருக்கின்றன. எந்தச் சட்டம், எந்த ஆண்டு, எந்த ஊர் என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்தால் அறை எது என்று தெரிந்துவிடும். அதற்குத்தான் கொஞ்சம் வரலாறு தேவைப்படுகிறது.

விவாகரத்து என்ற வழக்கே இல்லாத காலம்

கிறிஸ்தவர்களுக்கு 1869லேயே இந்திய விவாகரத்துச் சட்டம் வந்துவிட்டது. முஸ்லிம் பெண்கள் நீதிமன்றம் மூலம் மணவிலக்குக் கேட்க 1939ல் தனிச்சட்டம் வந்தது. ஆனால் இந்துக்களுக்கு, பழைய சென்னை மாகாணத்தில் 1949 வரை விவாகரத்துக்கென்று ஒரு பொதுச்சட்டமே கிடையாது!

அப்படியானால் யாரும் பிரியவே இல்லையா? பிரிந்தார்கள். பல சாதிகளில் 'தீர்த்துவிடுதல்', 'அறுத்துவிடுதல்' என்ற வழக்கம் இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, முச்சலிக்கை எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து முடித்துக்கொண்டார்கள். அந்த முச்சலிக்கை நீதிமன்றத்துக்குப் போவதில்லை. வீட்டுப் பெட்டியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சிலர் அதைப் பத்திரமாக எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவானது மட்டும் பத்திரப்பதிவுத் துறையின் புத்தகங்களில் கிடைக்கும். இந்த வழக்கத்தை 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டமும் ஒழித்துவிடவில்லை. வழக்கப்படியான மணவிலக்கு செல்லும் என்று அதன் 29ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது.

அன்றைக்கு நீதிமன்றத்துக்கு வந்த இந்துக் குடும்ப வழக்குகள் வேறு வகை. "மனைவி வந்து சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும்" என்று கணவன் போட்ட பிராது, ஜீவனாம்சம் கேட்டு மனைவி போட்ட பிராது ஆகியவை சிவில் கோர்ட்டில் சாதாரண அசல் வழக்குகளாக, அதாவது 'ஓ.எஸ்.' என்ற எண்ணில் பதிவாகின. மைனர் பிள்ளைகளின் பொறுப்பு யாருக்கு என்ற தகராறு 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் வந்தது. கையில் காசில்லாத பெண்கள் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போனார்கள். 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு அவர்களுக்கு ஒரு சிறு மாதத்தொகை வாங்கித் தந்தது. 1973ல் அதுவே 125ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது.

பாட்டியின் வழக்கைத் தேடுகிறவர் 'விவாகரத்து' என்ற பெயரில் தேடினால் கிடைக்காது. ஜீவனாம்சம் என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும், சிவில் கோர்ட்டின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும்.

1949, 1955, 1976

1949ல் சென்னை மாகாணச் சட்டமன்றம், இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் வழி செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. ஆறே ஆண்டுகள்தான் அதற்கு வாழ்வு. 1955 மே 18ல் இந்து திருமணச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்ததும் மாகாணச் சட்டம் ரத்தானது.

1955ஆம் ஆண்டுச் சட்டம் மனுக்களை மாவட்ட நீதிமன்றத்தில் போடச் சொன்னது. நகர உரிமையியல் நீதிமன்றம் உள்ள ஊரில் அதுவே மாவட்ட நீதிமன்றமாகக் கொள்ளப்படும். சென்னைக்கு 1892ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே சிட்டி சிவில் கோர்ட் உண்டு. மாநில அரசு அறிவிக்கை செய்தால் வேறு சிவில் கோர்ட்டுகளும் விசாரிக்கலாம். அப்படித்தான் தமிழ்நாட்டில் சார்பு நீதிமன்றங்களுக்கு, மக்கள் பேச்சில் சப் கோர்ட்டுக்கு, இந்த வழக்குகள் வந்தன. அங்கே எண் 'எச்.எம்.ஓ.பி.' என்று தொடங்கும். இந்து திருமண அசல் மனு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. குடும்ப நீதிமன்றம் இல்லாத பகுதிகளில் இன்றும் இதே நடைமுறைதான்.

1976ல் வந்த திருத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரியும் 13பி பிரிவு அப்போதுதான் வந்தது. கூடவே 23ஆம் பிரிவில் யாரும் அதிகம் கவனிக்காத நாலாவது உட்பிரிவு ஒன்றும் சேர்ந்தது. விவாகரத்துத் தீர்ப்பாணை வழங்கும் நீதிமன்றம், அதன் ஒரு நகலை இரு தரப்புக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அது. ஆம், இலவசமாக! ஜீவனாம்ச உத்தரவுக்கும் இப்படியே. யாருக்குச் சாதகமாக உத்தரவானதோ அவருக்குக் கட்டணமின்றி நகல் தர வேண்டும் என்று பழைய சட்டத்தின் 128ஆம் பிரிவு சொன்னது. புதிய சன்ஹிதாவின் 147ஆம் பிரிவும் அதையே சொல்கிறது.

கிறிஸ்தவர்களின் கதை வேறு. 1869ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நீதிபதி விவாகரத்து கொடுத்தாலும் அது முடிவானது அல்ல. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய வேண்டும். 2001ஆம் ஆண்டுத் திருத்தம்தான் இந்த இரட்டை நடையை ஒழித்தது. காத்திருந்தவர்களுக்கு அது பெரிய துன்பம். ஆனால் இன்று ஆவணம் தேடுகிறவர்களுக்கு அதில் ஒரு நன்மை இருக்கிறது. 2001க்கு முந்தைய அப்படியான ஒரு விவாகரத்துக்கு இரண்டு இடங்களில் தடம் இருக்கும். மாவட்ட நீதிமன்றத்தில் கட்டு கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கேட்கலாம். சென்னை நகரத்துக் கிறிஸ்தவ மண வழக்குகள் நேராக உயர் நீதிமன்றத்திலேயே 'ஓ.எம்.எஸ்.' என்ற எண்ணில் தாக்கலானதும் உண்டு.

1984: புதிய பேரேடு

குடும்பத் தகராறுகளை மற்ற சிவில் வழக்குகளைப் போல நடத்தக் கூடாது என்று 1974ல் சட்ட ஆணையம் தன் 59வது அறிக்கையில் சொன்னது. பெண்கள் அமைப்புகளும் தொடர்ந்து குரல் கொடுத்தன. பத்து ஆண்டு கழித்துக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் வந்தது. 1984 செப்டம்பர் 14ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். பத்து லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் கட்டாயம், மற்ற இடங்களில் மாநில அரசு விரும்பினால் அமைக்கலாம் என்பது ஏற்பாடு. சென்னையில் 1988ல் குடும்ப நீதிமன்றம் வந்தது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே அது இயங்குகிறது. பிறகு மற்ற ஊர்களுக்கும் ஒவ்வொன்றாக வந்தன.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். குடும்ப நீதிமன்றம் தொடங்கிய நாளில் மற்ற நீதிமன்றங்களில் நிலுவையில் இருந்த குடும்ப வழக்குகள் அதற்கு மாற்றப்படும் என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. நிலுவையில் இருந்தவை மட்டும்தான்! முடிந்துபோன வழக்குகளைப் பற்றி அது பேசவில்லை.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஆண்டு முடிந்து புதிய பேரேடு திறக்கும்போது, இருப்பு உள்ள கணக்குகள் மட்டும்தான் முன்னே கொண்டுசெல்லப்படும். முடித்துக் கோடு போட்ட கணக்கைப் பார்க்க வேண்டுமானால் பழைய பேரேட்டைத்தான் எடுக்க வேண்டும். சென்னையில் 1985ல் முடிந்த விவாகரத்து வழக்கைக் குடும்ப நீதிமன்றத்தில் கேட்டால் "இல்லை" என்பதுதான் சரியான பதில். கேட்க வேண்டிய இடம் சிட்டி சிவில் கோர்ட். 1986ல் தொடங்கி 1990ல் முடிந்த வழக்கோ மாறி வந்த வழக்கு. அதற்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கலாம்.

குடும்ப நீதிமன்றத்தில் மனுக்கள் பெரும்பாலும் 'ஓ.பி.' என்றும், ஜீவனாம்ச வழக்குகள் 'எம்.சி.' என்றும், பிள்ளைகளின் காப்பாளர் மனுக்கள் 'ஜி.டபிள்யூ.ஓ.பி.' என்றும் எண் பெறுகின்றன. ஒரே தம்பதிக்கு மூன்று எண்களும் இருக்கக்கூடும். ஓ.பி. கட்டுக்குள் எம்.சி. உத்தரவைத் தேடினால் அது இருக்காது.

கட்டுக்குள் என்ன இருக்கும் என்பதும் 1984க்குப் பிறகு மாறிவிட்டது. சாட்சி சொன்னதை எல்லாம் நீளமாக எழுத வேண்டியதில்லை, சாரத்தைக் குறித்தால் போதும் என்கிறது குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. 1970களின் சப் கோர்ட் கட்டில் ஒரு பெண் கூண்டில் நின்று சொன்னது பக்கம் பக்கமாக இருக்கலாம். அவ்வளவு விரிவைக் குடும்ப நீதிமன்றக் கட்டில் எதிர்பார்க்க முடியாது.

ஊர் மாறாமலே மாறிய எல்லைகள்

சட்டமும் ஆண்டும் தெரிந்தாகிவிட்டது. அடுத்தது ஊர். இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, கல்யாணம் நடந்த இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் ஒன்றில்தான் பொதுவாக மனுப் போட முடியும். மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்ற திருத்தம் 2003 டிசம்பரில்தான் வந்தது. அதற்கு முந்தைய வழக்கு என்றால், பெண் திரும்பி வந்த அப்பா வீட்டு ஊரில் மட்டும் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கல்யாண மண்டபம் எந்த ஊர், கடைசியாகக் குடியிருந்தது எந்த ஊர் என்று குடும்பத்துப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊர்கள் அங்கேயே இருந்தாலும் மாவட்டங்கள் நகர்ந்திருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இல்லை. 1949க்கும் 1956க்கும் இடையே நாகர்கோவில் வழக்கு ஒன்று மேல்முறையீடு போயிருந்தால் அது சென்னைக்கு வந்திருக்காது, எர்ணாகுளத்தில் இருந்த திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அண்மைக் காலத்திலும், 2019ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவையும், 2020ல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. புது மாவட்டத்து வழக்கின் பழைய கட்டு தாய் மாவட்டத்தின் ரெக்கார்டு ரூமில் இருக்க வாய்ப்பு உண்டு.

மேல்முறையீட்டிலும் இதே கதைதான். குடும்ப நீதிமன்றத் தீர்ப்பின் மேல்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும், இரண்டு நீதிபதிகள் கேட்பார்கள். சப் கோர்ட் தீர்ப்பின் மேல்முறையீடு முதலில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். 2004 ஜூலை 24ல் மதுரைக் கிளை திறந்ததிலிருந்து தென் மாவட்டங்களின் உயர் நீதிமன்ற வழக்குகள் அங்கே நடக்கின்றன.

கதவு ஏன் ஒடுங்கியது?

"நீதிமன்றம் பொது இடம்தானே, யார் வேண்டுமானாலும் கேட்கலாமே?" என்று தோன்றலாம். குடும்ப வழக்குகளில் அப்படி இல்லை. 1955ல் எழுதப்பட்டபோது, ஒரு தரப்பு விரும்பினாலோ நீதிமன்றம் நினைத்தாலோ மூடிய அறையில் விசாரணை என்றுதான் 22ஆம் பிரிவு இருந்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த நடவடிக்கைகளை அச்சிட்டு வெளியிடுவதும் குற்றம். உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை மட்டும் அனுமதி பெற்று வெளியிடலாம்.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஒரு விவாகரத்து மனுவில் ஆண்மையின்மை, மனநோய், கள்ள உறவு என்று என்னென்னவோ எழுதப்படுகிறது. குற்றச்சாட்டு பொய்யாகவும் இருக்கலாம். அது பக்கத்து வீட்டுக்காரர் கையில் போனால் என்ன ஆகும்?

அதனால் தரப்பினர் நகல் கேட்பது ஒரு வழி, மூன்றாம் நபர் கேட்பது வேறு வழி. மூன்றாம் நபர் எதற்காகக் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரம் போட்டு நீதிபதியின் உத்தரவு வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் வந்தபோது, பத்து ரூபாய் மனுவில் எல்லாம் கிடைத்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் தொடர்பான வழக்கில் 2020 மார்ச் 4ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கியது. வழக்கு ஆவணங்களின் நகலை நீதிமன்ற விதிகளின்படிதான் கேட்க வேண்டும், ஆர்.டி.ஐ. மூலம் அல்ல.

இறந்துபோன தாயின் வழக்கு ஆவணத்தை மகன் கேட்டால்? வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், தேவைக்கான காரணம் ஆகியவற்றோடு மனுப் போடுவதே வழி. காரணம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. "குடும்ப வரலாறு எழுத" என்பதைவிட "இந்த அலுவலகம் இந்தத் தேதியிட்ட கடிதத்தில் கேட்டிருக்கிறது" என்பது வலுவான காரணம். அந்தக் கடிதத்தையும் கூடவே இணைக்கலாம்.

நகல் மனு போடும் முறை

முதல் வேலை, வழக்கு எண்ணைக் கண்டுபிடிப்பது. பழைய சம்மன், வக்கீல் நோட்டீஸ், வக்கீல் கொடுத்த ரசீது ஆகியவற்றில் எண் இருக்கும். மனு தாக்கலான உடனே கிடைப்பது 'எஸ்.ஆர். நம்பர்'. சரிபார்த்து ஏற்ற பிறகுதான் வழக்கு எண் கிடைக்கும். குறைகளைச் சொல்லி மனுவைத் திருப்பினால் இரண்டுக்கும் இடையே பல வாரங்கள் ஓடிவிடலாம். ஓய்வூதிய உதாரணம் போலத் தாக்கல் தேதியே முக்கியமான வழக்குகளில் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

அண்மைக்கால வழக்கு என்றால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். அந்தத் தளம் 2013ல் வந்தது. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. தாக்கல் தேதி, பதிவுத் தேதி, முடிந்த தேதி எல்லாம் அதில் தெரியும். ஆனால் குடும்ப வழக்கின் உத்தரவு முழுதாக அங்கே கிடைக்கும் என்று நம்ப முடியாது. கணினிக்கு முந்தைய வழக்குகளுக்கு ஆண்டுவாரியான பதிவேடுகள்தான் கதி. 'ஏ டைரி' என்பது கோர்ட்டின் அன்றாடக் குறிப்பேடு. வழக்குப் பதிவேடோ ஒவ்வொரு வழக்கின் முழுக் கணக்கு. குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்கும் உள்ள உறவுதான்!

அடுத்து, எந்த ஆவணம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தீர்ப்பு வேறு, தீர்ப்பாணை வேறு. தீர்ப்பில் காரணங்கள் இருக்கும். தீர்ப்பாணையில் முடிவு மட்டும் இருக்கும். கோர்ட்டில் அதை 'டிகிரி' என்பார்கள் (காலேஜ் டிகிரி அல்ல!). பாஸ்போர்ட், மறுமணம், ஓய்வூதியம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் கேட்பது தீர்ப்பாணையைத்தான். தாக்கல் தேதி வேண்டும் என்றால் மனுவின் நகலையும் சேர்த்துக் கேட்பது நல்லது. இரண்டு வேலையை ஒரே மனுவில் முடிக்கலாம்.

நகல் மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பினர் பெயர், தீர்ப்புத் தேதி, தேவையான ஆவணங்கள் ஆகியவற்றை எழுதி, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி நகல் பிரிவில் கொடுக்க வேண்டும். வக்கீல் மூலம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. குடும்ப நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது உரிமையாகக் கூட இல்லை என்கிறது 13ஆம் பிரிவு. தரப்பினரே நேரில் நிற்கும் இடமாகத்தான் அந்த நீதிமன்றத்தையே நினைத்தார்கள்.

மனு கொடுத்ததோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. பக்கங்களை எண்ணிப் பார்த்த பிறகு எவ்வளவு கட்ட வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் போடுவார்கள். அதைக் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகும். பழைய கட்டு என்றால் ரெக்கார்டு ரூமிலிருந்து வரவழைக்க வேண்டும், அதற்கு நாளாகும்.

கைக்கு வரும் நகலின் பின்பக்கத்தைக் கவனித்தால் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள். அலங்காரத்துக்கு அல்ல அது. மேல்முறையீட்டுக் கெடுவைக் கணக்கிடும்போது நகல் வாங்க ஆன காலத்தைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறது 1963ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அந்தக் கழிவை அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

நகலின் அடியில் 'உண்மை நகல்' என்ற சான்று, தேதி, அதிகாரியின் கையெழுத்து, பதவி, முத்திரை இருக்க வேண்டும். 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 76ஆம் பிரிவு விதித்த வடிவம் அது. இப்போது பாரதீய சாக்ஷ்ய அதினியத்தின் 75ஆம் பிரிவில் அதே வடிவம் தொடர்கிறது. இவை இல்லாத ஜெராக்ஸை எந்த அலுவலகமும் ஏற்காது.

பணம் இல்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் ஒரு பெண் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர். நகல் வாங்கித் தருவதும் அந்த உதவியில் அடங்கும்.

கட்டுகளுக்கும் ஆயுள் உண்டு

நீதிமன்றத்தில் இருக்கும் காகிதம் எல்லாம் என்றென்றைக்கும் இருக்கும் என்று நினைப்பது தவறு. எதை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், எதை அழிக்கலாம் என்று விதி செய்யும் அதிகாரத்தை 1917ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டம் உயர் நீதிமன்றங்களுக்குக் கொடுத்திருக்கிறது. 1879லேயே இதற்கு முந்தைய சட்டம் ஒன்று வந்துவிட்டது. தீர்ப்பு, தீர்ப்பாணை, பதிவேடு ஆகியவற்றுக்கு ஆயுள் அதிகம். வாய்தா மனுக்கள், இடைக்கால மனுக்கள் போன்றவற்றுக்குக் குறைவு.

வழக்கில் தாக்கல் செய்த அசல் ஆவணங்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகைப் பட்டியல், கடிதங்கள் எல்லாம் குறியீடு போட்டுக் கட்டுக்குள் போய்விடும். வழக்கு முழுதாக முடிந்த பிறகு மனுப் போட்டு அவற்றைத் திரும்பப் பெறலாம் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 13ஆம் ஆணை, 9ஆம் விதி. வழக்கு முடிந்த களைப்பில் அதை நினைக்கிறவர்கள் குறைவு. கட்டு அழியும்போது அவையும் சேர்ந்து அழியும்.

கட்டு அழிந்துவிட்டது என்று பதில் வந்தால் எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை. பதிவேட்டு வரி மிஞ்சியிருக்கும். மேல்முறையீடு போயிருந்தால் மேல் நீதிமன்றத்தில் தீர்ப்பின் நகல் இருக்கும். எதிர்த்தரப்பிடமோ, வக்கீல் அலுவலகத்திலோ ஒரு பிரதி இருக்கலாம். அசல் அழிந்துவிட்டால் இரண்டாம் நிலைச் சான்றை ஏற்கச் சாட்சியச் சட்டமும் வழி விட்டிருக்கிறது. அதனால் "அழிக்கப்பட்டது" என்ற பதிலை வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாமல், எழுத்தில் வாங்குவது முக்கியம். அடுத்த படிக்கு அந்தக் கடிதமே ஆதாரம்.

25 ரூபாய்

1978 ஏப்ரலில் இந்தூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஷா பானோ என்ற முதிய பெண் 125ஆம் பிரிவின் கீழ் மனுப் போட்டார். மாதம் 500 ரூபாய் கேட்டார். 1979 ஆகஸ்டில் கோர்ட் கொடுத்தது மாதம் 25 ரூபாய். 1980ல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. கணவர் உச்ச நீதிமன்றம் போனார். 1985 ஏப்ரல் 23ல் வந்த தீர்ப்பு நாட்டையே உலுக்கியது.

அந்த 25 ரூபாய் இன்று எல்லோருக்கும் தெரியக் காரணம், வழக்கு டெல்லி வரை போனதும், கீழ்க்கோர்ட்டின் தொகை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் எழுதப்பட்டதும்தான். மேலே போகாத எண்ணற்ற எம்.சி. வழக்குகளில் எந்தப் பெண் எவ்வளவு கேட்டார், எவ்வளவு கிடைத்தது என்பது ஏதோ ஒரு ரெக்கார்டு ரூமில், ஆயுள் முடியக் காத்திருக்கும் கட்டுக்குள் இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்து கேட்கும் உரிமை முதலில் அந்தப் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும்தான் இருக்கிறது.

1976 முதல் தீர்ப்பாணையின் முதல் நகல் இலவசம். தீர்ப்பு வந்த வாரத்திலேயே அதை வாங்கி, மனுவின் நகல் ஒன்றையும் எடுத்து, கொடுத்த அசல் ஆவணங்களைத் திரும்பப் பெற்று, மூன்றையும் வழக்கு எண் எழுதிய உறையில் போட்டு வைத்தால் முப்பது வருடம் கழித்து யாரும் நான்கு கோர்ட் படி ஏறி இறங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே முப்பது வருடம் ஆகிவிட்டவர்கள், சட்டம், ஆண்டு, ஊர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பலாம்.